வடதுருவத்தில் கிடந்த பெட்டி

அத்தியாயம் 4

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை, புகார் கொடுக்க வந்த மூவரும் மரியாதையுடன் காத்திருந்தனர். பிறகு அவர் தமது கைபேசியை மேசைமீது திருப்பி வைத்தார். திரை முழுவதும் நீலக்கடல். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீவு.

"பாருங்கம்மா. நீங்க கொடுத்த நம்பரைத்தான் போட்டேன். எங்க காட்டுது? வடதுருவத்துக்குப் பக்கத்துல, நார்வேக்காரன் பனித்தீவு. உங்க பெட்டி அங்க இருக்காம். ஜீப்பை எடுத்துட்டுப் போயிட்டு வரட்டுமா?"

"ஸ்வெட்டர் எடுத்துக்குங்க சார்," என்றார் நவநீதன்.

ஆய்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். துப்பறிவாளர் ரோசம்மாள் அம்மையார் உடனே எழுந்து, நன்றி கூறி, தம் உதவியாளரின் சட்டைக் காலரைப் பற்றி வெளியே அழைத்து வந்தார். நவநீதனுடைய வேலையில் ஏறத்தாழ பாதி, இவ்வாறு அழைத்து வரப்படுவதே.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அம்மையாரின் அலுவலகம். நீதிமன்றத்தில் நெடுங்காலம் தட்டச்சராகப் பணியாற்றிய பின்னர் அதனை அவர் தொடங்கியிருந்தார். மாடிப்படி ஏறும் பொறுமை அன்று யாருக்கும் இல்லாதபடியால், கீழேயிருந்த தேநீர்க் கடையிலேயே விசாரணை நடைபெற்றது.

"ஜெஸிமா, முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் அம்மையார். "கம்ப்யூட்டர் தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி."

"மேடத்துக்குத் தெரியும். எனக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க," என்றார் நவநீதன்.

பாலக்கரையைச் சேர்ந்த அந்த இளம் பொறியாளர் அழுது முடித்து, அழுததற்காக வெட்கப்பட்டும் முடித்திருந்தார். அதனால் அவருடைய குரல் தெளிவாக இருந்தது.

"உலகம் பூரா ஒரே மாதிரி நடக்கணும்னு விதி எழுதுற அமைப்புங்க இருக்குங்க மேடம். அதுல ஒண்ணு நிலப்படக்காரங்களுக்கு. இன்னொண்ணு இணையத்துல வலைத்தளம் செய்யறவங்களுக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு வச்சிருக்காங்க. இந்த வாரம் அந்தக் குழு நம்ம திருச்சி ஓட்டல்ல கூடியிருக்கு."

"எதுக்குச் சேர்ந்தாங்க?"

"சண்டை போடத்தாங்க. ஒரு இடத்தைச் சொல்ல ரெண்டு எண் வேணும். வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு. நிலப்படக்காரங்க வடக்கை முதல்ல சொல்வாங்க. வலைக்காரங்க கிழக்கை முதல்ல சொல்வாங்க."

"கல்யாணப் பத்திரிகையில யார் பேரு முதல்லங்கிற மாதிரியா?" என்றார் நவநீதன்.

"அதாச்சும் பத்திரிகை அடிச்சா முடிஞ்சிடும். இது இருபது வருஷமா முடியலைங்க."

அம்மையார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அப்படின்னா அந்த ஆய்வாளர் நம்பரைப் போட்டது..."

"அவர் போன் முதல் எண்ணை வடக்குன்னு எடுத்துக்கிச்சு. திருப்பிப் போட்டா," என்று ஜெஸிமா தம் கைபேசியில் இரண்டு எண்களையும் இடம் மாற்றினார். பனித்தீவு மறைந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நின்றது.

"அடப்பாவி," என்றார் நவநீதன். "வடதுருவத்துக்கு நம்ம ஸ்ரீரங்கம் ஒண்ணாம் நம்பர் பஸ் போகுதா!"

இந்த இடமாற்றம் பச்சைமலையில் வேடிக்கையாக இருக்கவில்லை. சென்ற ஆண்டு அங்கே சந்திரம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அழைப்பை வாங்கிய கணினி ஒரு வரிசையிலும் ஆம்புலன்ஸில் இருந்த கருவி மற்றொரு வரிசையிலும் எண்களைப் படித்தன. ஓட்டுநரின் திரையில் பனிக்கடல் தெரிந்தது. அவர் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு தவித்தார். குழந்தை ஒரு வாடகை ஜீப்பில் பிறந்தது. ஜெஸிமா இதனைக் கேள்விப்பட்டு, ஒரு ஜோடிக் கருவி செய்தார். ஒன்று ஆம்புலன்ஸில் பொருத்தப்பட்டது. அதனோடு பேசக்கூடிய மற்றொன்றே தற்போது காணாமற்போன பெட்டி.

"என் முன்மொழிவு ஒரே பக்கம்தாங்க. யார் எந்த வரிசையில வேணா அனுப்புங்க, ஆனா ஒவ்வொரு எண்ணோடயும் அது வடக்கா கிழக்கான்னு பேரைச் சேர்த்து அனுப்புங்க. அவ்வளவுதான். ஆனா குழுவுல, வேலை செய்யறதைக் கண்ணால பார்க்காம எதையும் ஏத்துக்க மாட்டாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு என் முறை. பெட்டி இல்லைன்னா அடுத்த வருஷம், வேற நாட்டுல. அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க காத்திருக்க மாட்டாங்க. ஆம்புலன்ஸ்ல இருக்கறதையும் கழட்டிடுவாங்க."

"பெட்டி எப்பம்மா காணாமப் போச்சு?"

"நேத்து சாயங்காலம் குழுவை பஸ்ஸுல ஸ்ரீரங்கம் கூட்டிட்டுப் போனாங்க. பெட்டியை சீட்டுலயே வச்சுட்டு இறங்கிட்டேன். திரும்பி வந்தா இல்லை. காலையில இது வந்துச்சு."

பெயரில்லாத முகவரியிலிருந்து வந்திருந்த அந்த மின்னஞ்சலை நவநீதன் உரக்கப் படித்தார்.

"'பெட்டி பத்திரமாக உள்ளது. தங்கள் முன்மொழிவை இன்று திரும்பப் பெற்றால், மாலையில் டோக்கன் தங்களை வந்தடையும். இடம்: 78.6896, 10.8590. 4326. தங்கள் ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்.' மேடம், இது மிரட்டலா, மின்வாரிய அறிவிப்பா?"

"தமிழ்ல இருக்கு. குழுவுல தமிழ் தெரிஞ்சவங்க எத்தனை பேரும்மா?"

"என்னை விட்டா மூணு பேர். சிவசங்கர் சார், நில அளவைப் பேராசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர், நிலப்படக்காரங்க பக்கம். என் முன்மொழிவை 'சோம்பேறிகளுக்குச் சலுகை'ன்னு சொன்னார். ஜோஸ்வின், வலைக்காரங்க பக்கம். 'எங்க வரிசைதான் சரி, அப்புறம் பேரு எதுக்கு'ன்னு சண்டை போட்டார். மூணாவது கனிஷ்கா மேடம். குழுச் செயலாளர், நடவடிக்கைக் குறிப்பு எழுதறவங்க. அவங்க நிலப்படப் பக்கம்தான், ஆனா ரொம்ப நல்லவங்க. அவங்களே இதே விஷயத்துக்கு எட்டு வருஷமா நானூறு பக்கத்துக்கு ஒரு வரைவு எழுதிட்டிருந்தும், என்னோட ஒரு பக்கத்துக்குக் கமா எல்லாம் திருத்திக் கொடுத்தாங்க."

"கிழக்கு முதல்ல இருக்கு. அப்ப ஜோஸ்வின்தான்," என்றார் நவநீதன். "கேஸ் முடிஞ்சிடுச்சு. இன்னொரு டீ சொல்லவா?"

"வண்டியை எடு," என்றார் அம்மையார்.

*

சிவப்புப் புள்ளி, ரங்கா ரங்கா கோபுரத்துக்கு அருகிலிருந்த ஒரு தகரக் கொட்டகையின்மீது வந்து நின்றது. பக்தர்களின் காலணிகளையும் பைகளையும் வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் அது. கம்பி வலைக்குப் பின்னே நூற்றுக்கணக்கான செருப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. மேல் தட்டில், ஒரு ஜோடி அதிரச நிறச் செருப்புக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடைக்கும் நடுவே, சிவப்பு நிறப் பெட்டி ஒன்று அமைதியாக வீற்றிருந்தது.

"அதுதான்!" என்று ஜெஸிமா வலையைப் பற்றிக்கொண்டார்.

"டோக்கன்?" என்றார் உள்ளே அமர்ந்திருந்த மதுரைவீரன்.

"அண்ணே, அது என் பெட்டிங்க. திருட்டுப் போச்சு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் அழுதுகிட்டே வந்து, புதுச் செருப்பைக் காட்டி என்னுதுன்னாரு. கொடுத்தேன். சாயங்காலம் செருப்போட சொந்தக்காரரு அழுதாரு. அன்னையிலேருந்து டோக்கன்."

"யார் கொண்டுவந்து வச்சாங்க? ஆளைப் பார்த்தீங்களா?" என்று அம்மையார் வினவினார்.

"நேத்து சாயங்காலம் என் மச்சான் ஷிப்டு. அவன் சமயபுரம் போயிருக்கான், போனை அணைச்சு வச்சிருக்கான். இருந்தாலும் பிரயோஜனமில்லீங்க. நாங்க காலைத்தான் பார்ப்போம், மூஞ்சியப் பார்க்கறதில்ல."

"போலீசைக் கூட்டிட்டு வந்தா?"

"அவங்களும் செருப்பைக் கழட்டிட்டு டோக்கன் வாங்கிக்கலாம்."

நவநீதன் இதற்குள் அங்கு நின்றிருந்த வாகனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வியர்வையுடன் திரும்பினார். "மேடம், 4326-னு ஒரு வண்டியும் இல்லை. 4362 ஒண்ணு இருக்கு, பால் வேன். டிரைவரை மிரட்டிப் பார்த்தேன். அரை லிட்டர் தயிர் வேணுமான்னு கேட்டார்."

"அது வண்டி நம்பர் இல்லைங்க," என்றார் ஜெஸிமா. "அது அளவுமுறையோட எண். பூமியை அளக்க நிறைய முறை இருக்கு. எந்த முறையில அளந்தோம்னு சொல்றதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் வச்சிருக்காங்க. படிக்கணக்கா லிட்டர் கணக்கான்னு சொல்ற மாதிரி."

அம்மையார் செருப்புகளைப் பார்த்தபடியே கேட்டார். "அதை எல்லாரும் எழுதுவாங்களா?"

"நிலப்படக்காரங்க எழுதாம தூங்க மாட்டாங்க. வலைக்காரங்க எழுதவே மாட்டாங்க. அவங்களுக்கு ஒரே முறைதான்னு முடிவாயிடுச்சு, அதனால..." ஜெஸிமா சட்டென்று நிறுத்தினார். "மேடம்! ஜோஸ்வின் இதை எழுதியிருக்கவே மாட்டார். அதோட 4326-னு எழுதினா, அந்த முறைப்படி வடக்குதான் முதல்ல வரணும்!"

"அதாவது," என்றார் அம்மையார், "நிலப்படக்கார ஆள் ஒருத்தர், பழியை ஜோஸ்வின் மேல போட வலைக்காரர் மாதிரி வேஷம் கட்டியிருக்கார். வரிசையைத் திருப்பிப் போட்டார். ஆனா பழகின கை, கடைசியில அளவுமுறையை எழுதிடுச்சு."

"பர்தா போட்டுக்கிட்டு மீசையை வெளியே விட்ட மாதிரி," என்றார் நவநீதன். உடனே ஜெஸிமாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க," என்றார்.

"பரவாயில்லைங்க. சரியாத்தான் சொன்னீங்க. அப்ப சிவசங்கர் சாரா?"

"அந்தப் பக்கத்துல ரெண்டு பேர் இருக்காங்களேம்மா."

"கனிஷ்கா மேடமா? சேச்சே. அவங்க எனக்குக் கமா போட்டுக் கொடுத்தவங்க."

ஆள் யாராயினும், டோக்கன் அவரது பையிலோ சட்டையிலோ இருந்தது. மூவரின் பைகளையும் சோதிக்கும் அதிகாரம் அம்மையாருக்கு இல்லை. மணியோ இரண்டைத் தாண்டிவிட்டது.

"ஏம்மா, உங்க குழுவுல ஓட்டுப் போடுவாங்களா?"

"மாட்டாங்க. தலைவர் 'ஆட்சேபம் உண்டா'ன்னு கேட்பார். யாரும் பேசலைன்னா சம்மதம்னு அர்த்தம். கனிஷ்கா மேடம் உடனே குறிப்புல தட்டச்சு பண்ணிடுவாங்க, அது பெரிய திரையில எல்லாருக்கும் தெரியும்."

ரோசம்மாள் அம்மையாரின் முகத்தில், நீதிமன்றத்தில் பல வழக்கறிஞர்களைக் கலங்கச் செய்த ஒரு சிறு புன்னகை தோன்றியது.

*

நான்கு மணிக்கு ஓட்டல் அரங்கில் முப்பது பிரதிநிதிகள் முறுக்கு கடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். தலைவர் ஓர் உயரமான வெளிநாட்டுப் பெரியவர். அவருக்கு இடப்புறம் மடிக்கணினியுடன் செயலாளர் கனிஷ்கா: நாற்பது வயதிருக்கும், இளநீலப் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர் தட்டச்சு செய்வது பின்னாலிருந்த திரையில் எழுத்தெழுத்தாகத் தோன்றியது. ஜெஸிமாவின் விருந்தினர்கள் என்ற பெயரில் அம்மையாரும் நவநீதனும் கடைசி வரிசையில் இடம் பெற்றனர்.

ஜெஸிமா எழுந்தார். கூட்டம் ஆங்கிலத்தில் நடைபெற்றது.

"செயல்விளக்கத்துக்கு முன், தவறான தரவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இணையத்தில் கிடைத்தது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை."

திரையில் இரண்டு எண்கள் மட்டும் தோன்றின: 78.6896, 10.8590. அம்மையாரின் அறிவுரைப்படி 4326 நீக்கப்பட்டிருந்தது.

"அநாகரிகம்!" என்று சிவசங்கர் அவர்கள் கைத்தடியால் தரையைத் தட்டினார். "பாகை, கலை, விகலை என்று டிகிரியைப் பிரித்து எழுதத் தெரியாதா? புள்ளி வைத்து எழுதுவதெல்லாம் மளிகைக் கணக்கு!"

"எனக்குத் தெரிந்து சரியாகத்தான் இருக்கிறது," என்றார் ஜோஸ்வின், முறுக்கை மென்றவாறே. "கிழக்கு முதலில். அழகு."

கனிஷ்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு தீர்மானம் வேண்டுகிறேன்," என்றார் ஜெஸிமா. "'இதனை எழுதியவர் அளவுமுறையைக் குறிப்பிடத் தெரியாதவர். இத்துறையின் அரிச்சுவடியும் அறியாதவர்.' இவ்வாறு நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யலாமா?"

தலைவர் தோள்களைக் குலுக்கினார். "ஆட்சேபம் உண்டா?"

அரங்கில் முறுக்கு உடையும் ஒலி மட்டும் கேட்டது.

"செயலாளர் அவர்களே, பதிவு செய்யுங்கள்."

கனிஷ்கா தட்டச்சு செய்யத் தொடங்கினார். 'இதனை எழுதியவர்' என்று திரையில் தோன்றியது. 'அளவுமுறையைக்' என்று தோன்றியது. பின்னர் அந்தச் சொல் பின்னோக்கி அழிந்தது. மீண்டும் தோன்றியது. 'அளவுமுறையைக் குறிப்பிடத் தெ' என்ற இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"தலைவர் காத்திருக்கிறார்," என்று யாரோ இருமினார்.

கனிஷ்காவின் முகம் சிவந்தது. எட்டு ஆண்டுகளாக ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிடாத அந்தச் செயலாளர், இருக்கையை விட்டு எழுந்து, தமிழில் வெடித்தார்.

"அதான் போட்டிருந்துச்சே! 4326-னு கடைசியில போட்டிருந்துச்சே! நீதான் வெட்டிட்டே!"

வெளிநாட்டுப் பிரதிநிதிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது 4326 என்ற எண் மட்டுமே. நிலப்படப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் அதனைக் கேட்டு ஆமோதித்துத் தலையசைத்தனர். ஜெஸிமா மட்டும் அசையாமல் நின்றார்.

கனிஷ்கா மெல்ல அமர்ந்தார். தலைவர், அரங்கில் வெப்பம் அதிகம் என்று எண்ணி, ஐந்து நிமிட இடைவேளை அறிவித்தார்.

அம்மையார் நடந்து சென்று செயலாளரின் மேசைமுன் கையை நீட்டினார். "டோக்கன் கொடுங்கம்மா."

"உங்களுக்கு எப்படி..."

"நானும் டைப்பிஸ்ட்தான். மத்தவங்க சொன்ன பொய்யை எல்லாம் அடிச்சிடலாம். நம்ம வேலையைப் பத்தின பொய்யை நம்ம கையால அடிக்க வராது."

கனிஷ்கா கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்தார். பக்கத்தில் வந்து நின்ற ஜெஸிமாவை அவரால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

"உடைக்கணும்னு நினைக்கலை, ஜெஸிமா. ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும்னுதான். எட்டு வருஷம்மா. நானூறு பக்கம். என் பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கெல்லாம் போகாம எழுதினேன். நீ ஒரு பக்கத்துல வந்து முடிச்சிட்டே. அதுவும் நல்லா எழுதியிருந்தே."

"கமா நீங்க போட்டது மேடம்," என்றார் ஜெஸிமா.

கனிஷ்கா வில்லையை நீட்டினார்.

நவநீதன் வில்லையை வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், இந்நேரத்துக்குக் காவிரிப் பாலத்துல மாடு கூட ஸ்டாண்டு போட்டு நிக்கும். போயிட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும். இடைவேளை அஞ்சு நிமிஷம்!"

"இடைவேளை முடிஞ்சதும் செயல்விளக்கம் இல்லைன்னா, பொருள் தள்ளிப்போச்சுன்னு தலைவர் அறிவிச்சிடுவார். அதுதான் விதி," என்றார் ஜெஸிமா.

கனிஷ்கா கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். "விதி எனக்குத் தெரியும். நீங்க கிளம்புங்க தம்பி."

மணி ஒலித்ததும் செயலாளர் எழுந்தார். "தலைவர் அவர்களே, செயல்விளக்கத்துக்கு முன்னர், இதே பொருள் குறித்த முந்தைய வரைவை அவையில் வாசிக்கும் உரிமை அதன் ஆசிரியருக்கு உண்டு. வாசிக்க விரும்புகிறேன்."

"முழுவதுமா?" என்று தலைவர் அச்சத்துடன் வினவினார்.

"முன்னுரையிலிருந்து."

அவர் வாசித்தார். வரையறைகளை வாசித்தார், விதிவிலக்குகளை வாசித்தார், விதிவிலக்குகளுக்கான விதிவிலக்குகளையும் விடவில்லை. ஜோஸ்வின் நெற்றியை மேசையில் வைத்து உறங்கிப்போனார். தலைவர் அவர்கள் கண்களைத் திறந்தபடியே உறங்கும் அரிய ஆற்றலை வெளிப்படுத்தினார். சிவசங்கர் அவர்கள் மட்டும் விழித்திருந்து, சில பத்திகளுக்குக் கண்கலங்கினார். எட்டு ஆண்டுகளில் எவரும் முழுதாகப் படித்திராத அந்த வரைவு, முதன்முறையாக ஓர் அவையில் உரக்க ஒலித்தது. ஜெஸிமா ஒவ்வொரு வரியையும் கேட்டார். முதல் சில பக்கங்களில், வாசலைப் பார்க்கவும் மறந்துபோனார்.

மூன்றாம் பிற்சேர்க்கைக்கு வந்தபோது கதவு திறந்தது. தலை கலைந்து, ஒரு காலில் செருப்பின்றி, சிவப்புப் பெட்டியை மார்போடு அணைத்தவாறு நவநீதன் உள்ளே வந்தார்.

"அவசரத்துல என் செருப்பை அங்க விட்டுட்டேன் மேடம்," என்று அம்மையாரின் காதில் கிசுகிசுத்தார். "திரும்பக் கேட்டா, டோக்கன் எங்கங்கறான்."

கனிஷ்கா வரியின் நடுவிலேயே வாசிப்பை நிறுத்தினார். "இத்துடன் என் உரை நிறைவுற்றது."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. நிம்மதியின் கைதட்டல் எனினும், கைதட்டலே.

ஜெஸிமா பெட்டியை இயக்கினார். திரையில் பச்சைமலையின் வளைவுகள் விரிந்தன. ஒரு சிறு புள்ளி மலைப்பாதையில் ஊர்ந்து, ஒரு வீட்டின்மீது நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏங்க, சந்திரம்மாள் பேசறேன். ஆம்புலன்ஸ் வந்துருச்சுங்க. எங்க வாசல்லயே நிக்குது. கோழி எல்லாம் பயந்து ஓடுது. நான் ஏறணுமா, இல்ல சும்மாத்தான் கூப்பிட்டீங்களா?"

நவநீதன்தான் முதலில் சிரித்தார். பொருள் விளங்காதவர்களும் உடன் சிரித்தனர். தலைவர் சுத்தியலை எடுத்தார். "முன்மொழிவை ஏற்கலாமா? ஆட்சேபம் உண்டா?"

ஒருவரும் பேசவில்லை. சிவசங்கர் அவர்கள் கைத்தடியை உயர்த்த எண்ணி, கோழிகளை நினைத்து இறக்கிவிட்டார். கனிஷ்கா 'ஆட்சேபம் இல்லை' என்று தட்டச்சு செய்தார். பிறகும் அவருடைய விரல்கள் நிற்கவில்லை. 'பிற பொருள்கள்' என்ற தலைப்பின்கீழ், எண்ணிட்டு, திரையில் எழுத்தெழுத்தாக ஒரு வாக்கியம் தோன்றியது.

'செயல்விளக்கப் பெட்டியை எடுத்து மறைத்தவர், இக்குழுவின் செயலாளர்.'

ஜோஸ்வின்கூட விழித்துக்கொண்டார். தலைவருக்குப் பழக்கத்தில் வந்தது ஒன்றே.

"ஆட்... ஆட்சேபம் உண்டா?"

கடைசிவரை மௌனமாக இருந்தால் சம்மதம் என்று பொருள். ஜெஸிமா கையை உயர்த்தினார்.

"ஆட்சேபம் இல்லை. ஒரு திருத்தம் மட்டும். இறுதியில் இவ்வாறு சேர்க்க வேண்டுகிறேன்: 'பெட்டி வந்து சேரும்வரை அவையைக் காத்தவரும் அவரே.'"

கனிஷ்கா அதனைத் தட்டச்சு செய்ய வெகுநேரம் எடுத்துக்கொண்டார். முடித்தபோது, இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. ஜெஸிமா அருகில் சென்று, குனிந்து, அதனைத் தம் விரலாலேயே போட்டார்.

கடைசி வரிசையில் நவநீதன் தம் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். "மேடம், கேஸ் முடிஞ்சிடுச்சுன்னா, என் செருப்பு இருக்கற இடம் வடக்கு 10.8590, கிழக்கு 78.6896. எந்த வரிசையில வேணா போங்க. ஸ்வெட்டர் வேணாம்."